தோட்டாவுக்கு வைத்த சந்தனம்

துவக்குத் தோட்டாவுக்குக் கழுத்தும் தோளும் உண்டு என்று நான் அறிந்தது, எழுபதுகளில் மெல்பேர்ண் ஸ்பிரிங்வேலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினி மேசையில். பார்க்கப் போத்தல் மாதிரி இருக்கும். கீழே பித்தளைக் கோது, மேலே போகப் போக ஒடுங்குகிற தோள், பிறகு கழுத்து, அந்தக் கழுத்துக்குள் செருகின சன்னம். சுட்டால் சன்னம் போய்விடும், கோது மிஞ்சும். அதில் விளங்க இருப்பது இவ்வளவுதான். எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். என் கணவரும் அவருடைய அண்ணரும் ஐந்து மாதம் எடுத்தார்கள். இரண்டு பேரும் லண்டன் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினவர்கள்.

எங்களுக்கு ஏன் துவக்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், மனதுக்குள். அந்த நாளில் நான் எதையும் மனதுக்குள்தான் கேட்பேன். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். அங்கே நின்றால் எல்லாம் கேட்கும். ஆண்கள் கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை என்ற மாதிரித்தான் கதைப்பார்கள்.

இவர் நகரத்தில் ஒரு அரசாங்கக் காரியாலயத்தில் வீதிகளுக்கும் பாலங்களுக்கும் படம் வரைகிற வேலை செய்தார். அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரு நீள மேசையில் இருப்பார்களாம். இவர் மட்டும் தன் வரைபலகைக்கு முன்னாலேயே சோற்றுப் பெட்டியைத் திறந்து சாப்பிடுவாராம். ஒருவரும் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அந்த மேசையில் ஆறேழு பேர் ஒரு குறிச்சூட்டுக் கிளப்பில் இருந்தார்கள். திங்கட்கிழமை முழுக்க சனிக்கிழமை சுட்ட கதைதான். ஒருநாள் அதில் ஒருவர் போகிற போக்கில், "நீயும் வந்து பாரேன்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். கல்யாண வீட்டுக்குத் தாம்பாளத்தோடு வந்து அழைத்த மாதிரி இவருக்குத் தலை கால் தெரியவில்லை.

"அந்த மேசையில இருக்க எனக்கும் ஒரு கதை வேணும், விளங்குதோ?" என்று என்னிடம் சொன்னார். எனக்கு விளங்கியது. பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் எனக்குச் சொன்ன உண்மையான பேச்சு அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கிளப்பின் விதி இதுதான். சொந்தத் துவக்கோடு மூன்று சனிக்கிழமை வந்து சுடவேண்டும். மூன்றாவது சனிக்கிழமை கப்டன் சேர்ப்பதா விடுவதா என்று சொல்வார். சொந்தத் துவக்கு என்றால் முதலில் தோட்டா என்ன அளவு என்று முடிவு செய்யவேண்டுமாம். எந்தத் தோட்டாவோ அதற்கு ஏற்ற துவக்கு. அதற்குத்தான் அண்ணர் வந்தார். எனக்கு அத்தான் முறை. நாலு தெரு தள்ளி இருந்தார். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். துவக்குக்கு அனுமதிப் பத்திரம் எழுதுகிற மேசையில் ஆறு வருடம் இருந்தவர். ஒருநாளும் ஒரு துவக்கையும் தூக்கினவர் இல்லை. ஆனால் பத்திரத்தில் எழுதினபடியால் தனக்குத் தெரியாத துவக்கு இல்லை என்பார்.

"டேய் தம்பி, 303 எண்டா அது ஒரு சாம்ராச்சியம். வெள்ளைக்காரன் அதை வைச்சுத்தான் உலகத்தையே பிடிச்சவன்."

"பிடிச்சதை விட்டிட்டும் போட்டான் அண்ணை. இப்ப கிளப்பில எல்லாரும் 308."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

இவர் கொஞ்சம் யோசித்தார். "அஞ்சு கூட."

அத்தானும் யோசித்தார். "அஞ்சு கூட எண்டா நல்லதுதானே."

நான் மிகைப்படுத்தவில்லை. இப்படித்தான் கதைத்தார்கள். மாப்பிள்ளை பார்ப்பது போலத் தோட்டா பார்த்தார்கள். எந்த ஊர், என்ன நிறை, என்ன வேகம், அதற்கு முன் யார் யார் வைத்திருந்தார்கள் என்று விசாரணை. லண்டனில் இருந்த ஒரு மைத்துனருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். அவர் பல்வைத்தியர். அவரும் வெட்கமில்லாமல் மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதினார். அதையும் அத்தான் மேசையில் வைத்து உரக்க வாசித்தார்.

இதற்குள் இவருக்கு இன்னொரு ஆசையும் வந்துவிட்டது. குறிபார்த்துச் சுடுகிற அதே துவக்கால் வேட்டைக்கும் போகவேண்டும். காரியாலயத்து நீள மேசையில் இருந்தவர்களில் ஒருவருடைய தமையனுக்கு ஆட்டுப் பண்ணை இருந்தது. முயல் புல்லை அழிக்கிறது, வந்து சுட்டுக்கொண்டு போங்கள் என்று அவர் எல்லோரையும் விட்டிருந்தாராம். ஆகவே ஒரே தோட்டா, இரண்டு அலுவல். கெட்டித்தனம் என்று இரண்டு பேரும் தொடையில் தட்டிக்கொண்டார்கள்.

துவக்குக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு மரக்கறி வாங்கப் போகவேண்டி இருந்தது, அதனால்தான். நான் வாசலோடு சப்பாத்துகள் அடுக்கியிருந்த பக்கமாக நின்றேன். கடைக்காரர் வயதானவர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "என்ன சுடப் போகிறாய்?"

"எவ்ரிதிங்" என்றார் இவர்.

கடைக்காரர் இரண்டு தோட்டாவை எடுத்துக் கண்ணாடி மேல் நிற்கவைத்தார். ஒன்று 308. என் நடுவிரல் நீளம், கிட்டத்தட்ட அதே தடிப்பு. மற்றது 22. எழுதி எழுதித் தேய்ந்த பென்சில் துண்டு மாதிரி. பெரியது கிளப்புக்கு, சின்னது முயலுக்கு, இரண்டு துவக்கு வாங்கவேண்டும் என்று கையால் காட்டியே சொன்னார். வாசலில் நின்ற எனக்கே விளங்கியது.

வெளியே வந்ததும் அத்தான் சொன்னார்: "பாத்தியே, ரெண்டு துவக்கை எங்கட தலையில கட்டப் பாக்கிறான்."

"எனக்கு அவன்ர முகத்தைப் பாக்கவே விளங்கிட்டுது, அண்ணை."

கடைக்காரரோடு சேர்த்து அந்த மூன்று ஆண்களும் நானும் நின்ற இடத்தில் இறைச்சி வெட்டிப் பழகின கை என்னுடையது மட்டும்தான். ஒரு முயலில் எவ்வளவு சதை இருக்கும் என்று எனக்குத் தெரியும். காருக்குள் ஏறினபின் துணிந்து கேட்டேன்.

"இஞ்சருங்கோ, முயலுக்கு அந்தப் பெரிசு கூடவெல்லோ?"

"உமக்கு இதெல்லாம் விளங்காது. பேசாமல் இரும்."

பேசாமல் இருந்தேன். 308 வந்தது. துவக்கும் வந்தது. துணிகள் வைக்கிற அலுமாரிக்கு மேல் அதற்கு இடம் கிடைத்தது. என் தையல் மெசினுக்கு அந்த வீட்டில் இடம் கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்குப் போனார்கள். மத்தியானம் தாண்டித் திரும்பி வந்து ஒரு பத்திரிகைப் பொட்டலத்தைக் குசினி மேசையில் வைத்தார்கள். இரண்டு பேருக்கும் முகம் கொள்ளாத சிரிப்பு.

"கறி வையும். நல்ல உறைப்பா" என்றார் இவர்.

பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு காது இருந்தது. கொஞ்சத் தோல் இருந்தது. பின்னங்கால் ஒன்று இருந்தது. நடுவில் இருந்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. எலும்புத்தூளும் மயிரும் சேர்ந்த ஒரு கூழ்.

"எதைக் கறி வைக்கிறது?" என்று கேட்டேன்.

அத்தான் எட்டிப் பார்த்தார். "வேகம் அப்படி" என்றார் மெச்சுதலோடு. "உடனடிச் சாவு. சீவனுக்கு ஒரு நோவும் தெரிஞ்சிராது."

பின்வளவில் தேசிமரத்தடியில் அதைப் புதைத்தேன். இரவுக்குப் பருப்பும் கத்தரிக்காயும் வைத்தேன். இரண்டு பேரும் முயல் வேட்டைக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பருப்புச் சாப்பிட்டார்கள்.

கிளப்பில் முதல் சனிக்கிழமை இவர் பரவாயில்லாமல் சுட்டாராம். இரண்டாவது சனிக்கிழமை மோசம். காற்று என்றார். வெயில் என்றார். பக்கத்தில் படுத்திருந்தவர் இருமினார் என்றார். மூன்றாவது சனிக்கிழமைக்கு முன்னால் நவராத்திரி வந்தது. அத்தான் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஆயுதத்துக்குப் பூசை செய்யாமல் உயிர் எடுத்தனாங்கள். அதுதான் பிழைச்சது. இந்தமுறை பூசையில வை."

அந்தக் காலத்தில் மெல்பேர்ணில் எங்களுக்குக் கோயில் இல்லை. வீட்டு நடையில் சுவர் அலுமாரி ஒன்று இருந்தது. மேல்தட்டில் துவாய்கள், நடுத்தட்டில் சாமிப்படங்கள். ஆயுத பூசையன்று அலுமாரிக்கு முன்னால் வெள்ளைத் துண்டு விரித்து இவர் துவக்கைக் கிடத்தினார். அதற்குப் பக்கத்தில் படம் வரைகிற பேனைகள், என்னுடைய கத்தரிக்கோல், அரிவாள். பிறகு தோட்டாப் பெட்டியைத் திறந்து இருபதையும் வரிசையாக நிறுத்தினார். கடலை அவித்து வைத்திருந்தேன். சந்தனம் ஊரில் இருந்து வந்த தூள், பன்னீர் விட்டுக் குழைத்திருந்தேன்.

"எல்லாத்துக்கும் பொட்டு வையும்" என்றார் இவர்.

துவக்குக்கு வைத்தேன். பேனைகளுக்கு வைத்தேன். தோட்டாவுக்கு வந்ததும் கை நின்றது. "இதுக்கு எங்க வைக்கிறது? நெத்தி இல்லையே."

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். பாலத்துக்குப் படம் வரைகிறவரும் பத்திரம் எழுதினவரும். "தோளில வை பிள்ளை" என்றார் அத்தான். "அதுதான் அழகாயிருக்கும்."

"கொஞ்சம் தடிப்பா வையும்" என்றார் இவர். "காய்ஞ்சு விழுந்திடக் கூடாது."

இருபது தோளுக்கும் தடிப்பாகச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தேன். இவர் கர்ப்பூரம் காட்டினார். அத்தான் தேவாரம் பாடினார். முடிந்தபின் நான் கேட்டேன்: "சுடக் கொண்டுபோக முதல் துடைக்கிறதோ?"

"சாமிக்கு வைச்சதைத் துடைக்கிறதோ!" என்றார் அத்தான். இவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கடலைச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை குடும்பங்களும் வரலாம் என்றார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரிய வெளி. தூரத்தில் ஒரு மண்மேடு, அதற்கு முன்னால் வெள்ளைப் பலகைகள், காற்றுக்கு அடிக்கிற சிவப்புக் கொடி. இந்தப் பக்கம் கன்வஸ் விரித்து ஆண்கள் வரிசையாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். வயதுபோன ஆண்கள் வயிறு நிலத்தில் அழுந்தக் கிடந்து பலகையில் ஓட்டை போடுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. தகரக் கொட்டிலின் வாசல் ஓரம் ஒரு கதிரை. அதில் இருந்தேன். அத்தான் எனக்குப் பக்கத்தில் நின்று, கேட்காத எனக்கு எல்லாவற்றுக்கும் விளக்கம் சொன்னார்.

கப்டன் நெடுத்த கிழவர். காதுக்குள் நரைமயிர். படுத்திருந்த ஒவ்வொருவரிடமும் துவக்கும் தோட்டாவும் துப்புரவோ என்று கேட்டுக்கொண்டு வந்தார். இவரிடமும் கேட்டார்.

"யெஸ் சேர்" என்றார் இவர்.

முதல் தோட்டாவைப் போட்டு, அதை உள்ளே அடைக்கிற பூட்டைத் தள்ளினார். மூடவில்லை. உள்ளங்கையால் அடித்துத் தள்ளினார். கப்டன் நில் என்று கத்தினார். அதற்கிடையில் இவர் இன்னொரு அடி அடித்துவிட்டார். அதன்பிறகு பூட்டு முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. உள்ளே வெடிக்காத தோட்டா. வரிசை முழுவதும் சுடுகிறது நின்றது. எல்லோரும் துவக்கை வைத்துவிட்டு எழும்பிப் பின்னால் போனார்கள். அந்த நீள மேசைக்காரரும் போனார்கள். இவரையும் எழும்பிப் போகச் சொல்லிவிட்டுக் கப்டன் தனியே முழங்காலில் இருந்தார். துவக்கின் வாய் மண்மேட்டைப் பார்த்தபடி இருக்க, மரச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினார். அத்தான் முதன்முறையாக வாய் மூடி நின்றார்.

தோட்டா வெளியே வந்தது. கப்டன் அதன் தோளை விரலால் சுரண்டினார். மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"இது என்ன?"

இவர் சொன்னார்: "பாக்டரியில் வந்த பிழை, சேர்."

கப்டன் இவருடைய பெட்டியைத் திறந்தார். மிச்சம் பத்தொன்பதும் மஞ்சளும் சிவப்புமாகக் கோயிலுக்கு வந்த பெண்கள் மாதிரி நின்றன. பின்னால் ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள்.

அப்போது இவர் திரும்பி என் பக்கம் கையை நீட்டினார். "மை வைஃப், சேர். வில்லேஜ் வுமன். நோ எடியுகேஷன்."

அந்த நாளில் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குள் இந்தச் சொற்கள் எல்லாம் இருந்தன.

கப்டன் என்னிடம் நடந்து வந்தார். தொப்பியைக் கழற்றினார். உள்ளங்கையில் தோட்டாவை வைத்து நீட்டி, நீயா வைத்தாய் என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். பிறகு இவரைக் காட்டி, அவருக்குத் தெரியாதா என்று கேட்டார். கடிந்து கேட்கவில்லை. தெரியாது என்று நான் சொன்னால் போதும், எல்லோரும் சிரித்துவிட்டு, தோட்டாவைத் துடைத்துவிட்டு, இவரைத் திரும்பப் படுக்க விடுவார் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

அத்தான் காதுக்குள் சொன்னார்: "தெரியாதெண்டு சொல்லு பிள்ளை. ஒரு சொல்லு. அலுவல் முடிஞ்சுது."

இவர் அங்கே இருந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. கெஞ்சல் இல்லை. அவசரம்தான் இருந்தது. கடையில் மிச்சக் காசு கைக்கு வரச் சுணங்கினால் ஒருவர் பார்க்கிற பார்வை. நான் சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய சோற்றுப்பெட்டி என் நினைவுக்கு வந்தது. வரைபலகைக்கு முன்னால் தனியே திறக்கிற பெட்டி. அதைக் கட்டுகிறவள் நான். அதையும் நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"ஹி டெல். ஐ புட்."

அந்நிய ஆணுக்கு முன்னால் நான் பேசிய முதல் ஆங்கிலம் அது. குரல் எனக்கே கேட்கவில்லை. கப்டனுக்குக் கேட்டது. நன்றி சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

அது பூசைச் சந்தனம் என்று கேட்டு அறிந்தபின் அவர் இவரிடம் என்ன சொன்னார் என்பதைப் பிறகு அத்தான்தான் சொன்னார். சாமிக்கு வைத்ததில் ஒரு பிழையும் இல்லையாம். தன் தாயும் புது வள்ளத்துக்குப் பாதிரியாரைக் கூப்பிட்டுத் தண்ணீர் தெளிப்பிப்பாளாம். தெரியாததைக் கற்றுக்கொடுக்கலாமாம். ஆனால் ஒரு தோட்டாவுக்குள் மூன்று கதை சொல்கிறவனுக்குப் பக்கத்தில் என் ஆட்களைப் படுக்கவிடமாட்டேன் என்றாராம்.

திரும்பி வருகிற வழியில் காருக்குள் முன்னால் அவர்கள் இரண்டு பேரும். நான் பின்சீட்டில், துவக்குக்குப் பக்கத்தில். அது தன் துணிப்பையில் கிடந்தது. பாதி வழியில் அத்தான் தொண்டையைச் செருமினார்.

"எனக்கென்னவோ, தம்பி, பிழை தோட்டாவிலதான்."

"நானும் அதைத்தான் யோசிக்கிறன், அண்ணை. 308க்குத் தோள் சரிவு காணாது."

"243 எண்டு ஒண்டு இருக்கு."

"அது அறுபத்தஞ்சு குறைவெல்லோ."

"குறைஞ்சால் என்ன, வேகம் கூடவாம். லண்டனுக்கு ஒரு கடிதம் போட்டுப் பாப்பம்."

வீடு வரும்வரை அதையே கதைத்தார்கள். சந்தனம் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. நான் என்ற ஆளும் அந்தக் கதைக்குள் வரவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். துவக்குக்குப் பத்திரம் எழுதின அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த பயம் அன்றைக்குத்தான் போனது. பாலத்துக்குப் படம் வரைகிறவர் மேல் இருந்ததும்.

லண்டனில் இருந்து பதில் வரமுன்னம் துவக்கு கடைக்குத் திரும்பிப் போய்விட்டது. கிளப்பைப் பற்றிப் பிறகு பேச்சில்லை. இவர் வேறு காரியாலயத்துக்கு மாறிப் போகும்வரை, நாலு வருடம், வரைபலகைக்கு முன்னால் தனியேதான் சாப்பிட்டார். அதில் என் பங்கும் உண்டு என்று எனக்குத் தெரியும். சாப்பாடு கட்டும்போது ஒரு கட்லட் கூடுதலாக வைக்கத் தொடங்கினேன். அதை மன்னிப்புக் கேட்பதாக அவர் எடுத்திருந்தால் அது அவருடைய பிழை.

அடுத்த வருடம் ஆயுத பூசைக்கு இவர் புதுக் காரை ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பையும் ஒரு பெட்டி பேனைகளையும் அலுமாரிக்கு முன்னால் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்று, "எல்லாத்துக்கும் பொட்டு வையும்" என்றார்.

சந்தனக் கிண்ணத்தை எடுத்து அவருடைய கையில் கொடுத்தேன்.

"நீங்களே வையுங்கோ."

கட்டின கையை அவிழ்த்துக் கிண்ணத்தை வாங்கினார். பிறகு குனிந்து விரலை விட்டார். எவ்வளவு எடுப்பதென்று தெரியாமல் அள்ளி எடுத்தார். திறப்பில் வைத்தது வழிந்து துண்டில் விழுந்தது. காணுமா, கூடிவிட்டதா என்று திரும்பி என் முகத்தைப் பார்த்தார். குசினியில் கடலை அவிந்துகொண்டிருந்தது, போய் இறக்கினேன்.